தோளோட தோள்

ரசாக்: இன்னா எத்திராஜு, இன்னிக்கும் ஷேவிங்கா? முந்தாநேத்துதான வழிச்சிகின. கன்னத்துல தோலாவது மிச்சம் கீதா?

எத்திராஜ்: அத வுடு பாய். கேட்டதுக்கு மொதல்ல பதில் சொல்லு. இட்டுகினு போறியா, இல்லியா?

ரசாக்: எங்க... பள்ளிவாசலுக்கா?

எத்திராஜ்: பின்ன? வெள்ளிக்கிழம மத்தியானம் இஸ்திரி போட்ட ஜிப்பாவ மாட்டிகினு நீ சேக்காடு மார்க்கெட்டுல கத்திரிக்கா வாங்கவா போற?

ரசாக்: இரு, கொஞ்சம் உக்காந்துக்கறேன். இந்த முட்டி வேற... ரிட்டையர் ஆவுற வரிக்கும் ஃபேக்டரி கேன்டீன்ல டெய்லி எங்கூட சண்ட போட்டவன் நீ. கடவுளே இல்லன்னு. இப்ப இன்னா, வெயிலு மண்டைக்கு ஏறிடுச்சா?

எத்திராஜ்: இப்பவும் இல்லன்னுதான் சொல்றேன்.

ரசாக்: அப்புறம்?

எத்திராஜ்: சும்மா... வரலாம்னு.

ரசாக்: சும்மாவா. ஆயுத பூஜைக்கு லேத்து மிஷினுக்கு சந்தனம் வெச்சாங்கன்னு, சர்க்கார் ஃபேக்டரிக்கு ஏதுய்யா மதம்னு ஃபோர்மேன்கிட்ட மல்லுக்கு நின்ன ஆளு நீ.

எத்திராஜ்: கேட்டது தப்பா? சர்க்காருன்னா எல்லாருக்கும் பொது. இன்னிக்கும் அதான் என் கட்சி.

ரசாக்: கேட்டுட்டு பொரிகடல மட்டும் ரெண்டு கவரு வாங்கிகின.

எத்திராஜ்: பொரிக்கு ஏது பாய் மதம்.

ரசாக்: சிரிக்காத... நானும் அன்னிக்கு என் மிஷின தொடச்சி வெச்சவன்தான். பொட்டு நான் வெக்கல, வெய்யின்னு அவங்களும் சொல்லல. அப்பிடியே ஓடிச்சி. இப்ப காலம் வேறப்பா. நீ உள்ள வந்து நின்னா எவனாவது போன்ல புடிச்சிடுவான். எத்திராஜு மதம் மாறிட்டாருன்னு சாய்ங்காலத்துக்குள்ள ஆவடி பூரா சுத்திடும். உம்பொண்ணு ராதிகா ஐதராபாத்லேந்து போன் போட்டு கேக்கும், எங்கப்பாவ இன்னா அங்கிள் பண்ணீங்கன்னு.

எத்திராஜ்: அது போன் பண்ணா சந்தோசம்தான்.

ரசாக்: அவ்ளோ எடம் இருக்க, எங்க பள்ளிவாசல்தான் வேணுமான்னு பாத்தேன்.

எத்திராஜ்: மத்த எடத்துக்கும் போயிட்டுதான் வந்தேன் பாய். யார்கிட்டயும் சொல்லல.

ரசாக்: எங்க போன?

எத்திராஜ்: பிரதோசத்துக்கு கோயிலுக்கு போனேன். நல்ல நெரிசலு. ஆனா ஒவ்வொருத்தனும் சாமிய பாக்க இடிக்கிறான். போங்க போங்கன்னு வெளிய தள்ளி உட்டாங்க. அப்புறம் அம்பத்தூர்ல ஒரு சர்ச்சு. சூப்பரா பாடுறாங்க. பெஞ்சுல ஆளுக்கு ஆளு நடுவுல பைய வெச்சிகினு உக்காந்துக்கறாங்க.

ரசாக்: உங்க பகுத்தறிவு கூட்டம் இன்னா ஆச்சி?

எத்திராஜ்: அத ஏன் கேக்குற. பிளாஸ்டிக் சேரு. எனக்கும் அடுத்தவனுக்கும் நடுவுல ஒரு காலி சேரு. பேசறாங்க, கை தட்டறோம், அவன் அவன் பைக்க எடுத்துகினு போயிடறான். பேசினதெல்லாம் சரிதான் பாய், இன்னிக்கும் ஒத்துக்கறேன். ஊட்டுக்கு வந்து பூட்ட தொறக்கும்போதுதான்...

ரசாக்: அதுக்கு தொழுகைக்கு வந்தா சரியாயிடுமா? நம்பிக்க இல்லாம குனிஞ்சி நிமிந்தா அது டிராமா. கோச்சிக்காத, எனக்கு அது வெளயாட்டு இல்ல.

எத்திராஜ்: குனிய மாட்டேன். வரிசையில நிக்கறேன், அவ்ளோதான். நீதான கேன்டீன்ல சொன்ன? தோளோட தோள் ஒட்டி நிக்கணும், நடுவுல எடம் உட்டா ஷைத்தான் பூந்துடுவான்னு. கலெக்டரா இருந்தாலும் கறிக்கடக்காரரா இருந்தாலும் ஒட்டித்தான் நிக்கணும், வேற எந்த மதத்துல, எந்த கட்சியில இது கீதுன்னு கேட்ட.

ரசாக்: கேட்டேன்... அன்னிக்கு நீ டீய குடிச்சிட்டு எழுந்து போயிட்ட.

எத்திராஜ்: அன்னிக்கு ஊட்டுல என் சம்சாரம் கண்ணம்மா இருந்துது. தோளுக்கு அலைய வேணாம்.

ரசாக்: இன்னாப்பா சொல்ற?

எத்திராஜ்: ஒன்னும் இல்ல, வுடு.

ரசாக்: சொல்லுன்றேன்ல.

எத்திராஜ்: அது செத்ததுலேந்து என்ன தொடற ஒரே ஆளு யாரு தெரியுமா பாய்? சலூன்காரன். ஷேவிங் பண்ணும்போது கன்னத்த ரெண்டு வெரலால புடிச்சி திருப்புறான் பாரு... அதுக்குத்தான் போறேன். தாடி கீதோ, இல்லியோ.

ரசாக்: ...எங்கிட்ட சொல்லக்கூடாதா? கட்டிப் புடிக்க மாட்டனா நானு?

எத்திராஜ்: பெருநாளைக்கு புடிப்ப. அப்புறம் அடுத்த பெருநாளு. நடுவுல வந்து, பாய் என்ன கொஞ்சம் கட்டிப் புடின்னு கேக்கறதா? வெக்கமா கீது. வரிசன்னா யாரும் யாரயும் கேக்க வேணாம். நின்னா தோளு தானா பட்டுடும்.

ரசாக்: எத்திராஜு...

எத்திராஜ்: சரி, உனக்கு தொழுகைக்கு நேரம் ஆவுது. நான் கெளம்பறேன்.

ரசாக்: உக்காருய்யா. உன்ன வரிசையில நிக்க வெக்க என்னால முடியாது.

எத்திராஜ்: அதான் சொல்லிட்டியே. டிராமா.

ரசாக்: அதுக்கில்ல. நானே வரிசையில இல்லப்பா.

எத்திராஜ்: இன்னா பாய் சொல்ற?

ரசாக்: முட்டி போனதுலேந்து கீழ குனிய முடியல. கடைசியில, செவுத்தோரமா ஒரு சேரு போட்டு குடுத்துட்டாங்க. மரியாதையாத்தான் பண்ணாங்க, கொற சொல்லல. ஒட்டி நிக்கறதெல்லாம் முன்னாடி நடக்குது, நான் முதுகுங்கள பாத்துகினு கீறேன். முடிக்கும்போது ரெண்டு பக்கமும் திரும்பி ஸலாம் சொல்லணும். இந்தப் பக்கம் திரும்பினா செவுரு, அந்தப் பக்கம் திரும்பினா காலி சேரு. உங்கிட்ட சொன்னா அந்த கேன்டீன் சண்டையில நீ ஜெயிச்சிடுவியேன்னு வாயத் தொறக்கல... வா. தொழ வேணாம், சும்மா உக்காரு. யாரு கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கறேன். அந்த காலி சேர மட்டும் நல்லா ஒட்டி இழுத்து போட்டுக்க.