எட்டு டீ வேலை

ஜூஜுவாடியில் பஸ் நெரிசலில் நின்றது. என் முன் சீட்டில் கம்பெனி அட்டை மாட்டிய இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்:

"அக்கா, எனக்கு வந்திருக்கறது எட்டு டீ வேலை."

"எட்டா! மேனேஜர் ரெண்டே நாள்னாரே?"

"ஒரு சென்சாரத் தள்ளி வெக்கிறதுதானேங்கறாரு. அதத் தொட்டா வயரிங், புரோகிராம், சேஃப்டின்னு எட்டுப் பேரக் கூப்பிட்டுக் கேக்கணும். ஆளுக்கு ஒரு டீ."

"அப்ப வெள்ளிக்கிழமை உன் தங்கச்சி கல்யாணம்?"

"அதான் பயமா இருக்கு."

"ரெண்டு வாரம் ஆகும்னு இழுக்காத. டீக் கணக்கையே சொல்லு, அவரும் நம்மள மாதிரி லைன்ல வேல பாத்து வந்தவருதான்."

இளையவள் மேனேஜருக்குப் போன் போட்டாள். "சார், எட்டு டீ சார்... ஆமாங்க சார், எண்ணிட்டேன்."

வைத்துவிட்டுச் சிரித்தாள். "எட்டா, மொதல்லயே சொல்லக்கூடாதா, கல்யாணத்த முடிச்சிட்டு வாம்மாங்கறாருக்கா!"

ஓசூர் மலைக்கோயிலில், மகன் தனிக்குடித்தனம் போகப்போவதை ஈஸ்வரனிடம் முறையிட நின்றேன். உட்கார்ந்து பேச வேண்டியவர்களை எண்ணிப் பார்த்தால் மகன், மருமகள், நான். மூன்றே டீ.

திருநீறு இட்டுக்கொண்டு, பால் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.