நாற்பத்தொன்றாவது கையெழுத்து

இருபத்திரண்டு வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். காலாவதியான ஒரு மாத்திரையைக்கூட யாருக்கும் விற்றதில்லை. டாக்டர் சீட்டில் எழுத்து புரியாவிட்டால் குத்துமதிப்பாக எடுத்துக் கொடுக்க மாட்டேன். போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் கொடுப்பேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருந்து விஷயத்தில் நான் அலட்சியமானவன் என்று நீங்கள் எழுதிக்கொண்டால் அது பொய்யாகிவிடும்.

என் மனைவி கணக்கு டீச்சர். வகுப்பில் ஒருநாள்கூடக் குரலை உயர்த்தியதில்லை என்பார்கள். பிடிவாதக்காரி, ஆனால் மெதுவாகப் பேசுவதால் அது வெளியில் தெரியாது. எங்களுக்கு ஒரே மகள். அவளுக்கு நிச்சயமாகியிருந்தது.

கலவரத்துக்குப் பிறகு பாலத்துக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று ஊர் இரண்டானது உங்களுக்குத் தெரியும். எங்கள் குடியிருப்பில் நாற்பத்திரண்டு வீடுகள். நாற்பத்தொன்றில் எங்கள் ஆட்கள். மூன்றாம் மாடியில் மட்டும் கடிகாரம் பழுதுபார்ப்பவரும் அவர் மனைவியும். அவர்கள் பாலத்துக்கு அந்தப் பக்கத்து மார்க்கம். குடியிருப்பில் அவர் கைபடாத கடிகாரம் கிடையாது. அவரைக் காலிசெய்யச் சொல்லிக் குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஒரு தாள் தயாரித்தார். மற்ற எல்லா வீட்டு உரிமையாளர்களும் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். எங்கள் வீடு என் மனைவி பெயரில் இருந்தது. அவள் அப்பா கொடுத்தது.

பரீட்சைத் தாள் திருத்துவதுபோல அதை இரண்டு முறை படித்துவிட்டு அவள் திருப்பிக் கொடுத்தாள்.

"இதுல நான் போட மாட்டேன்."

செயலாளர் சிரித்தார். "அப்போ டீச்சரம்மா அவங்க பக்கமா?"

"நான் யார் பக்கமும் இல்ல. அவர் எதைக் கும்பிட்டா எனக்கென்ன? நீங்க கும்பிடறதைக்கூடத்தான் நான் நம்பறதில்ல. உங்களைக் காலிபண்ணச் சொன்னேனா?"

முதலில் சொன்னதோடு நிறுத்தியிருந்தால் நான் எப்படியாவது சமாளித்திருப்பேன். அவள் ஒரு வருடமாக வழிபாட்டுக்கு வராதது எனக்குத் தெரியும். முட்டிவலி என்று சொல்லி மூடி வைத்திருந்தேன். அதை அவளே வாசலில் நின்று போட்டு உடைத்துவிட்டாள். சாயங்காலத்துக்குள் எல்லா மாடிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் செயலாளர் கடைக்கு வந்து, "உங்க வீட்டுல யார் பேச்சு சார் எடுபடும்?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அந்த வாரமே சம்பந்தி வீட்டிலிருந்து போன்: கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடலாமா? என் மகள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

நான் பேசிப் பார்க்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. "மனசுல என்ன வேணா வெச்சுக்கோ, நான் கேக்க மாட்டேன். வெளியில சொல்லாம இருந்தா போதும்" என்றேன்.

"உள்ள ஒண்ணு வெளியில ஒண்ணுன்னு இருக்க உங்களால முடியுது. எனக்கு வரலைங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

மாலைத் தேநீரில் அரை மாத்திரையோடுதான் ஆரம்பித்தேன். தூக்க மாத்திரைதான். முதல் வாரம் அவள் நன்றாகத் தூங்கினாள். கலவரத்திலிருந்து அவளுக்குச் சரியான தூக்கமே இல்லை. உண்மையில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு முழு மாத்திரை. ஞாயிறு காலை சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசப்போவதாகச் சொல்லியிருந்தாள். அன்று மதியம்வரை கண் விழிக்கவில்லை. கடிகாரக்காரர் படிக்கட்டில் என்னை நிறுத்தி, "டீச்சரம்மா வரலீங்களா?" என்று கேட்டார். உடம்பு சரியில்லை என்றேன்.

அப்படிச் சொன்ன பிறகுதான் எனக்கு வழியே தெரிந்தது. அடுத்த வாரம் அவள் பலகையில் பாதிக் கணக்கோடு, சாக்பீஸைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாளாம். பிள்ளைகள் முதலில் சிரித்திருக்கிறார்கள். பிறகு பயந்துபோய்த் தலைமையாசிரியரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பள்ளியில் விடுப்புக் கொடுத்தார்கள். ஒரு வருடமாகவே நரம்புக் கோளாறு, என்ன பேசுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை என்று நான் எல்லோரிடமும் சொன்னேன். அவர்கள் முகங்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நம்பிக்கையில்லாதவளை அவர்களுக்குப் பொறுக்க முடியவில்லை. நோயாளி என்றதும் பழம் வாங்கிக்கொண்டு வந்தார்கள். சம்பந்தியம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக் கொடுத்தார். தேதியும் குறித்தாயிற்று.

"அம்மா அப்ப பேசினதெல்லாம் நோயாலதானாப்பா?" என்று மகள் கேட்டாள்.

"ஆமாம்மா."

அவள் முகம் தெளிந்தது. எந்தத் தகப்பன் வேறு பதில் சொல்லியிருப்பான்?

கையெழுத்து விஷயம். பேனாவை என் மனைவியின் விரல்களுக்குள் வைத்து, என் கையை மேலே வைத்துக்கொண்டேன். சின்னப் பெயர். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. செயலாளர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதோட நாப்பத்தொண்ணு" என்றார்.

கடிகாரக்காரர் திங்கட்கிழமை காலிசெய்தார். கடிகாரங்களைப் போர்வைகளில் சுற்றிச் சின்ன வேனில் ஏற்றினார்கள். பாலத்துக்கு முன்னால் அந்த வேனை மறித்தார்கள். கணவன் மனைவி இருவரும் வண்டிக்குள்ளேயே எரிந்துபோனார்கள் என்று செய்தித்தாளில் போட்டிருந்ததுதான் எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் நான் கடையில் ஒரு குழந்தைக்கு இருமல் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பேப்பரை ஒளித்து வைத்தேன். விவரம் அறியாத மகள் வேறு எங்கோ வாங்கி, அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டாள். அன்று மாலை என் மனைவி தேநீரைத் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. அதற்கு அடுத்த நாள் மதியம் நான் சாப்பிட வந்தபோது, செருப்பைப் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி வாசலில் நின்றாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"ஸ்டேஷனுக்கு. அந்தக் கையெழுத்தை நான் போடலைன்னு சொல்லணும்."

"உனக்கு உடம்பு முடியல."

"முடியாமப் பண்ணினது யாருன்னு தெரிஞ்சுபோச்சு. டம்ளர் அடியில மாவு மாதிரி நிக்குது."

கல்யாணத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. மகள் துணி அளவு கொடுக்கத் தையற்காரரிடம் போயிருந்தாள். நான் என் மனைவியைத் தோளோடு அணைத்துக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தேன். அவளிடம் பலமே இல்லை. எத்தனை மாத்திரை என்று காலையிலிருந்து மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். தெரியாது. எண்ணாமல் நான் மருந்து கொடுத்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

அவள் இறந்த பிறகு என் சட்டைப் பையில் காலி மாத்திரை அட்டைகளை எடுத்தது மகள். உங்களிடம் கொண்டுவந்து கொடுத்ததும் அவள்தான். கல்யாணம் நின்றுபோனது. அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. அம்மாவின் குணம் அப்படியே வந்திருக்கிறது.

நீங்கள் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது. 'வலுக்கட்டாயமாக' என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். யாரையும் எதற்கும் நான் கட்டாயப்படுத்தியவன் இல்லை. அவளாகத்தான் வாயைத் திறந்தாள். மூக்கை நான் பொத்தியிருந்தது கொஞ்ச நேரம்தான்.