ஆறட்டும் அம்மாவின் கடைசித் தொட்டி

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் ஆலை மேலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் விற்பனைப் பிரிவுத் தலைவரும் அம்மாவின் கணவருமான ஐயா அவர்களே, வேலை உடுப்போடு வந்து சுவரோரம் நிற்கும் தோழர்களே! வடிகட்டும் பிரிவுக்காரனான எனக்குப் பேசத் தெரியாது, சத்தம் போடத்தான் தெரியும். இன்று அதுவும் வரவில்லை.

படிகப் பிரிவின் தலைவி, நம் 'ஆறட்டும் அம்மா' போய்விட்டார். யார் வைத்த பெயர் அது? நான்தான் வைத்தேன்! எப்போது சரக்கு வரும் என்று கேட்டாலும் 'ஆறட்டும்' என்ற ஒரே பதில்தானே! சூடான கரைசல் மெல்ல ஆறினால் மருந்து உப்பு தனியே கல்கண்டு போலக் கட்டும், அழுக்கு கரைசலிலேயே தங்கிவிடும். அவசரப்படுத்தினால் உப்பு மாவாக விழும், அழுக்கையும் உள்ளே பிடித்துக்கொள்ளும். இதற்காக அவர் யாரோடுதான் மல்லுக்கட்டவில்லை!

ஒருமுறை அம்மா விடுப்பில் இருந்தார். மேலாளர் அவர்கள் கோபிக்கக் கூடாது, தொட்டி சீக்கிரம் ஆற அவர்தான் குளிர்நீரை முழுசாகத் திறக்கச் சொன்னார். என்ன ஆயிற்று? என் வடிதுணி முழுக்க அடைத்துக்கொண்டது. நான் தாம்தூம் என்று குதித்தேன். மறுநாள் வந்த அம்மா ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"யாரையும் திட்டாதீங்கண்ணே. திரும்பக் கரைச்சிடலாம். இது நோயாளி உடம்புக்குள்ள போற சரக்கு."

மேலாளரும் சரியென்று தலையாட்டினார்.

கணவரிடமும் இதே வழக்குத்தான்! "ஏம்மா, லாரி நிக்குது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி" என்று அவர் தொலைபேசியில் கத்துவது எங்கள் பக்கம்வரை கேட்கும். "பதறாத காரியம் சிதறாதுங்க" என்று சொல்லி இவர் வைத்துவிடுவார்.

உப்பு கட்டத் தொடங்குவதற்காக அம்மா கடைசியாக விதைப்படிகம் தூவிய தொட்டி இப்போதும் ஆறிக்கொண்டிருக்கிறது. இன்றே சரக்கு வராவிட்டால் வேறு ஆலையைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார் வாடிக்கையாளர். ஐயா பல வருடம் அலைந்து பிடித்த வாடிக்கையாளர் அவர். காலையில் ஐயாவிடமிருந்து அழைப்பு வந்தபோது, குளிர்நீரைத் திறக்கச் சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

"அண்ணே, அவ வச்ச வேகத்தை மாத்தாதீங்க. போற ஆர்டர் போகட்டும்" என்றார். பிறகு சொன்னார்: "இத்தனை வருஷம் வித்தேனே, அது எப்படி விளையுதுன்னு ஒருநாள்கூட வந்து பாத்ததில்லைண்ணே. எத்தனை தடவை கூப்பிட்டா!"

ஐயா, எங்கள் இரண்டு பிரிவும் இந்த அவையில் வாக்குக் கொடுக்கிறோம். எவ்வளவு பெரிய அவசரம் வந்தாலும் அம்மா வகுத்த முறையை மாற்ற மாட்டோம். நாளைக் காலை அந்தத் தொட்டியைத் திறக்கிறோம். நீங்கள் வரும்வரை மூடியில் யாரும் கைவைக்க மாட்டோம். வந்து பாருங்கள்.