யாராவது இதில் தூங்குவார்களா?

— எழுந்திரு. ஏம்மா, எழுந்திருன்னு சொல்றேன்ல. தலையைத் தூக்காம, அப்படியே உருண்டு இந்தப் பக்கமா இறங்கு.

— என்னங்க, அதுக்குள்ள உங்க பேச்சு முடிஞ்சிடுச்சா? சாப்பாட்டு டப்பாவை உங்க மேஜை மேல வெச்சிருக்கேன்.

— டப்பா கிடக்கட்டும். நீ எங்க படுத்திருக்கேன்னு தெரியுதா?

— உங்க கடையில. கட்டில்ல.

— கடையில இல்லம்மா, கடையோட கண்ணாடி ஜன்னல்ல. தெருவே பார்க்குற இடத்துல. திரும்பாதே, வெளியில ஒரு கூட்டமே நிக்குது.

— இருக்கட்டும். ஒரு கொட்டாவி விட்டுக்கிறேன், அதையும் பார்த்துட்டுப் போகட்டும்.

— விளையாடாதே. உன் தலைக்கு மேல தொங்குற பலகையைப் படிச்சியா?

— மூக்குக்கண்ணாடி கொண்டு வரலை. என்ன எழுதியிருக்கு?

— 'யாராவது இதில் தூங்குவார்களா?'ன்னு எழுதியிருக்கு. நான்தான் எழுதினேன். ஒரு பழைய கயித்துக் கட்டிலைப் பக்கத்துல போட்டாத்தான் நம்ம ஏழடுக்கு மெத்தையோட அருமை ஜனங்களுக்குத் தெரியும்னு, அறிவியல்பூர்வமா யோசிச்சு வெச்ச ஏற்பாடு. ஏழடுக்கு மெத்தை அதோ, ஒரு சுருக்கம் இல்லாம காலியா கிடக்கு. நீ வந்து இதுல குறட்டை விட்டிருக்கே.

— குறட்டையா? நானா?

— கண்ணாடி அதிர்ந்துதாம். வாட்ச்மேன் சொன்னாரு.

— அப்ப நெசமாவே தூங்கியிருக்கேன். என்னங்க, கொஞ்சம் என் கழுத்தைத் தொட்டுப் பாருங்களேன்.

— தெருவே பார்க்குதுங்கறேன்.

— பார்க்கட்டும். உங்க பொண்டாட்டி கழுத்துதானே.

— சரி, தொட்டாச்சு. என்ன?

— ஈரமா இருக்கா?

— இல்ல. காஞ்சிருக்கு.

— முதுகு?

— அதுவும் காஞ்சுதான் இருக்கு. அதுக்கென்ன இப்ப?

— அதுக்கென்னவா? போன வருஷத்துலேருந்து நான் முழிக்கும்போது இந்த முதுகு காஞ்சிருந்ததே இல்ல. ராத்திரி நெஞ்சுக்குள்ள யாரோ அடுப்பு பத்த வெச்ச மாதிரி கிளம்பும். தலைமுடி வரைக்கும் நனைஞ்சிடும். எழுந்து துணி மாத்துவேன், மாத்தின கையோட குளிரெடுக்கும். போர்த்திக்கிட்டா மறுபடி வேர்க்கும். அதுக்குள்ள பால்காரர் மணி அடிச்சிடுவாரு. அப்பல்லாம் நீங்க பக்கத்துல எப்படி இருப்பீங்க தெரியுமா?

— எப்படி?

— உங்க கடை விளம்பரம் மாதிரி.

— இது வயசுல வர்ற கோளாறுன்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாங்கல்ல. நம்ம வீட்டு மெத்தை மேல பழி போடாதே. ஏழடுக்கு மெத்தை உடம்பைப் புரிஞ்சுக்கும். நாமதான் அதுக்குக் கொஞ்சம் அவகாசம் குடுக்கணும்.

— நல்லாத்தான் புரிஞ்சுக்குது. புரிஞ்சுக்கிட்டு இறுக்கிக் கட்டிப் பிடிச்சுக்குது, விடவே மாட்டேங்குது. வேர்க்க வைக்கிறது வயசுதான். அந்த வேர்வையைக் காய விடாம என்னை அவிச்சு எடுக்குறது உங்க மெத்தை. வயசைத் தூக்கி வெளியில போட முடியாது, மெத்தையைப் போடுங்கன்னு டாக்டரம்மா சொன்னதை மட்டும் மறந்துடுவீங்க.

— அவங்க டாக்டர். நான் தூக்க ஆலோசகர்.

— அது உங்க முதலாளியம்மா அடிச்சுக் குடுத்த அட்டையில. அதுக்கு முந்தின அட்டையில விற்பனையாளர்னு இருந்துச்சு. நடுவுல நீங்க ஏதும் பரீட்சை எழுதினதா எனக்கு ஞாபகம் இல்ல.

— மெதுவா பேசு. அந்த மெத்தை எனக்குக் கிடைச்ச பரிசும்மா. மேடையில ஏத்தி, மாலை போட்டுக் குடுத்தாங்க. அதை வீட்டை விட்டு அனுப்பினா என் முகத்தை எங்க கொண்டு போய் வெச்சுக்குவேன்?

— பரிசுன்னா அலமாரியில வைங்க. என் முதுகுக்குக் கீழ எதுக்கு? இருக்கட்டும், முடிவா சொல்லிடறேன். இன்னிக்கு ராத்திரி அந்த ரூம்ல ஒண்ணு அது இருக்கும், இல்ல நான் இருப்பேன்.

— நீ எங்க போவே?

— இங்கதான். உங்க பலகைக்குக் கீழ. காத்து மேலேருந்தும் வருது, கயித்து இடுக்கு வழியா கீழேருந்தும் வருது.

— போச்சு. எதிர்ச்சாரியில நிக்கிற காரு முதலாளியம்மா காரு. இறங்கி வர்றாங்க. அம்மா தாயே, உன் கால்ல விழுறேன், எழுந்திரு.

— விழுங்க, தெரு பார்க்கட்டும். ஆமா, இன்னிக்கு மாடியில என்ன பேச்சு?

— 'வேர்வையை வெல்வோம், தூக்கத்தைத் தொடுவோம்.' ஏன் கேக்குற?

— அதைக் கேக்க வந்தவங்கல்லாம் எங்க?

— பாதியில ஒவ்வொருத்தரா எழுந்து கீழ போனாங்க. காபிக்குப் போறாங்கன்னு நெனைச்சேன்.

— அப்ப கண்ணாடிக்கு வெளியில நிக்கிறது உங்க கூட்டம்தானா?

— ஷ். வந்துட்டாங்க. வாங்கம்மா, வணக்கம்மா.

— ஆலோசகரே, என்ன இது? தெருவுல வண்டி போக வழியில்ல.

— மன்னிக்கணும்மா. இது வந்து, ஒரு செயல்முறை விளக்கம். கயித்துக் கட்டில்ல படுத்தா மனுஷங்க எவ்வளவு அவதிப்படுவாங்கன்னு அறிவியல்பூர்வமா...

— ரொம்ப நேரமா கார்ல உக்காந்து நானும் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். அவதிப்பட்ட மாதிரி தெரியலையே. இவங்க யாரு?

— யாரோ வழியில போறவங்க...

— இவரோட பொண்டாட்டிங்க. சாப்பாடு கொண்டு வந்தேன்.

— ஓ. எங்க பரிசு மெத்தை உங்க வீட்டுலதானே இருக்கு? அதை விட்டுட்டு இங்க எதுக்கும்மா?

— அம்மா, அவ விளையாட்டுக்கு...

— ஆலோசகரே, உங்களைக் கேக்கலை.

— ராத்திரியில வேர்க்குதுங்க. உங்க மெத்தையில நான் தூங்குறதில்ல, ஊறுறேன். இங்க உக்காந்தேன், சாஞ்சேன். வேர்த்துச்சு, ஆனா காஞ்சிடுச்சு, அதனால முழிக்கலை. தப்புன்னா என்னைத் திட்டுங்க. அவரை விட்டுடுங்க, அவர் தூக்கத்துலகூட ஏழடுக்கு ஏழடுக்குன்னுதான் பேசுறார். முழிச்சிருக்குற எனக்குத்தானே தெரியும்.

— ஆலோசகரே, வெளியில நிக்கிற பொம்பளைங்க என்ன பேசிக்கிறாங்க தெரியுமா?

— சிரிக்கிறாங்களாம்மா?

— முதல்ல சிரிச்சாங்க. இப்ப அந்தக் கட்டில் எங்க கிடைக்கும்னு கேக்குறாங்க.

— அது விற்பனைக்கு இல்லைம்மா. கேலிக்கு வெச்சது.

— பலகையைக் கழட்டுங்க.

— கழட்டிட்டேன். இதைக் குப்பையில போட்டுடட்டுமா?

— எதுக்கு? நல்ல பலகை. அந்த ஏழடுக்கு மெத்தை மேல மாட்டுங்க.

— அம்மா, அது நம்ம கம்பெனி மெத்தை.

— தெரியும். கம்பெனி என் பேருலதான் இருக்கு. இவங்க வீட்டுல இருக்குறதையும் இன்னிக்கு சாயங்காலமே வண்டி அனுப்பி எடுத்துடுங்க.

— கேட்டீங்களாங்க? சாயங்காலமே.

— கேட்டுச்சு, கேட்டுச்சு. ஆனா அம்மா, ஊரெல்லாம் ஒட்டியிருக்குற விளம்பரத்துல அந்த மெத்தையில சிரிச்சுக்கிட்டே தூங்குறது நீங்கதானே?

— படம் எடுக்குற நேரம் வரைக்கும் சிரிச்சேன். திரையை இழுத்து விடுங்க. என் ஃபோனைப் பிடிங்க. யார் வந்து கேட்டாலும் முதலாளியம்மா வெளியூர் போயிருக்காங்கன்னு சொல்லுங்க.

— எங்கம்மா போறீங்க?

— எங்கயும் போகலை. தங்கச்சி, எனக்கும் உன் வயசுதான், கொஞ்சம் தள்ளிப் படு.