மிசினுக்குத் தெரிந்த பயம்

போத்தனூர் டவுன் பஸ்ஸில் என் முன்சீட்டில் நர்சிங் படிக்கும் பெண்கள் இரண்டு பேர். ஜன்னலோரத்துப் பெண் சொன்னாள்:

“பிராக்டிகல்ல எனக்குப் பயமே இல்லைன்னு மிசினே சொல்லிப்போட்டுது புள்ள.”

“காலைல கையில பட்டை கட்டி உட்டாங்களே, பதட்டத்தை அளக்கறதுக்குன்னு, அதா?”

“அதேதான். பஞ்சுல தொடைக்காமயே பொம்மைக்கு ஊசி போட்டுப்போட்டேன். வெளிய இருந்து வந்த எக்ஸாமினர் மொறைக்கறாங்க. அப்பக்கூட நாடி ஏறவே இல்ல.”

“அப்பறம் எதுக்கு மேடம் உன்னை மட்டும் கூப்புட்டாங்க?”

“பரீட்சை முடிஞ்சு வெளிய வந்த பொறகு கம்ப்யூட்டர்ல கோடு கிடுகிடுன்னு மேல போயிருக்குதாமா. ‘அப்ப என்னம்மா நடந்துச்சு’ன்னு கேட்டாங்க.”

“நீ என்ன சொன்னே?”

“‘அம்மா போன் பண்ணுச்சுங்க மேடம்’னேன். நல்லவேளை, நான் எடுக்கல.”

அவள் பைக்குள் போன் அடித்தது. இந்த முறை எடுத்தாள். பக்கத்திலிருந்தவள் அவள் மணிக்கட்டில் நாடி பிடித்து, தன் வாட்சைப் பார்க்க ஆரம்பித்தாள்.

“சொல்லும்மா... நல்லாப் பண்ணுனேம்மா. ஆமா, எல்லாமே சரியாத்தான் பண்ணுனேன்.”

தோழி வாட்சிலிருந்து கண்ணை எடுக்காமல், காதோரம் குனிந்து சொன்னாள்:

“உண்மையச் சொல்லிப்போடு புள்ள, ஏறுது.”