விழுகிற இடம்

அன்றைக்கு அரங்கத்து வாசலில் வண்டி நிறுத்த உடனே இடம் கிடைத்துவிட்டது. சனிக்கிழமை சாயங்காலத்தில் அங்கே இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. நல்ல சகுனம் என்று நான் சொன்னேன், தம்பி சிரித்தான். நீ பின்சீட்டில் இருந்தாய். உனக்கு ஞாபகம் இருக்கும்.

அவன் கடைசியாகப் பாடிய பதிவு வேண்டும் என்று வந்திருக்கிறாய். தயாராக இருக்கிறது. அதோ மேசை மேல் பென் டிரைவ், போகும்போது எடுத்துக்கொள். ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ என்னை ஒன்று கேட்டாய். "மாமா, நான் எழுந்தப்ப உட்காரச் சொன்னீங்களே, அப்ப உங்களுக்குத் தெரியுமா?" தெரியாதும்மா என்றேன். அது பொய். எழுந்தவள் அப்படியே மேடைக்கு ஓடியிருக்கலாமே என்று நீ உன் அம்மாவிடம் சொல்லிச் சொல்லி அழுவதாகக் கேள்விப்பட்டேன். ஒரு பாவமும் அறியாத பெண் இப்படி உருகக் கூடாது. அதனால்தான் சொல்கிறேன். நடுவில் பேசாமல் கேட்டால் எனக்குச் சௌகரியம்.

தம்பியைக் கல்யாணம் செய்து வந்ததிலிருந்து நீ எங்கள் நிகழ்ச்சிக்கு ஒரு முறைகூட வந்ததில்லை. குழந்தை சின்னவள், வீட்டில் வேலை என்று ஏதோ ஒன்று. வா என்று நானும் அழைத்ததில்லை. ஊரில் எங்களை நகல் கச்சேரிக்காரர்கள் என்பார்கள். அதில் எனக்கு வருத்தமே கிடையாது. செத்துப்போன ஒரு பாடகரின் பாட்டை அவர் உடுத்தியதை உடுத்தி, அவர் நின்ற மாதிரி நின்று, அவர் இருமிய இடத்தில் இருமிப் பாடுவதற்கு வேறு என்ன பேர் வைப்பது? எங்களுக்குள் அவரை மூலவர் என்போம். தம்பி உற்சவர். கோயிலில் மூலவர் இடத்தை விட்டு நகரமாட்டார், ஊர்வலம் போவதெல்லாம் உற்சவர்தானே. டிரம்ஸ்காரர்தான் இந்தப் பேர்களை வைத்தார். அவருக்கு வாய்க்கொழுப்பு அதிகம்.

மூலவரின் கடைசி நிகழ்ச்சியை நான் நேரில் பார்த்தேன். தம்பி அப்போது என் தோளில் உட்கார்ந்திருந்தான். கடைசிக்கு முந்தின பாட்டில் அவருக்கு முழங்கால் மடிந்தது. விழுந்துவிட்டார். உடம்பு ஏற்கெனவே சரியில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். வாத்தியங்கள் நின்றன. அத்தனை ஆயிரம் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அந்த நிசப்தத்தை உனக்கு எப்படிச் சொல்வேன்? கூட்டத்துக்கே சேர்த்து ஒரே உயிர் இருந்தது போல் இருந்தது. பிறகு அவர் தரையில் கிடந்தபடியே அடுத்த வரியைப் பாடினார். பாடிக்கொண்டே எழுந்து முடித்தார். என் ஆயுளில் எனக்கு நடந்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் சோறும் தூக்கமும்.

நானும் பாடிப் பார்த்தேன். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். தம்பிக்குக் குரல் இருந்தது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவனை வளர்த்தது நான்தான், அதை நீயும் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். பகலில் லிஃப்ட் பழுது பார்ப்பேன், சாயங்காலம் அவனை உட்காரவைத்து மூலவரின் பதிவுகளைத் திரும்பத் திரும்பப் போடுவேன். மூச்சு எங்கே எடுக்கிறார், எந்தச் சொல்லை விழுங்குகிறார், எங்கே தோளைக் குலுக்குகிறார், எல்லாம் கற்றுக்கொண்டான். விழுவதற்கு மட்டும் இந்த அறையில் மெத்தை போட்டுப் பழக்கினேன். முதலில் வலது முழங்கால், அப்புறம் இடுப்பு, கடைசியில் தோள். மைக் வலது கையை விட்டுப் போகக் கூடாது. மெத்தையை எடுத்த பிறகும் சில மாதம் பழகினான். அவனுக்கு முழங்காலில் இருந்த காய்ப்புகள் அதனால் வந்தவை. சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்று உன்னிடம் சொல்லியிருப்பான்.

ஜனங்கள் வருவதே அந்த விழுகையைப் பார்க்கத்தான். பாட்டைக் கைப்பேசியில் கேட்டுக்கொள்வார்கள். அவன் விழும்போது மேடை ஓரத்து ஒலி மேசையில் எனக்குச் சில வேலைகள் உண்டு. தரையில் மோதும் சத்தம் அரங்கத்தில் இடி மாதிரி கேட்கும் என்பதால் மைக்கை அடைத்துவிடுவேன். ஒரு விளக்கைத் தவிர மற்றதை அணைப்பேன். கூட்டம் மூச்சுக்குத் தவிக்கும்வரை காத்திருந்து மைக்கைத் திறப்பேன். அடுத்த வரியை அவன் கிடந்தபடி பாடுவான், எழுந்திருப்பான். மைக்கை அடைத்த பிறகும் அதில் வருவது என் காதில் மாட்டிய ஹெட்ஃபோனில் மட்டும் கேட்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்.

நடுவில் அவனுக்கு ஓர் ஆசை வந்தது. சொந்தமாக ஒரு பாட்டு எழுதி மெட்டுப் போட்டான். தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள், ஆகவே நான் தடுக்கவில்லை. ஒரு நிகழ்ச்சியில் பாடவும் விட்டேன். அவன் குரலை மட்டும் கொஞ்சம் தாழ்த்தி வைத்தேன். வார்த்தை ஒன்றும் விளங்காமல் கூட்டம் வெளியே போய்த் தின்பண்டம் வாங்கிக்கொண்டு வந்தது. அந்தப் பாட்டு உன்னைப் பற்றியது. சுமாரான பாட்டு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கடைசி வாரம் அவன் டாக்டரிடம் போனான். இதயம் பலவீனமாக இருக்கிறது, ஓடாதே, குதிக்காதே, பாரம் தூக்காதே என்றாராம். நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள ஒரு மாத்திரை கொடுத்தார். நீ பயந்துவிடுவாய் என்று உன்னிடம் மறைத்தான். என்னிடம் சொன்னான், நான்தானே அண்ணன். அந்தச் சனிக்கிழமையோடு பாடுவதை விட்டுவிடப் போவதாகவும் சொன்னான். பகலில் பார்க்கும் கண்ணாடிக் கடை வேலை, நீ, குழந்தை, இது போதுமாம்.

"விழற இடத்தை எடுத்துடலாம்ணே. நின்னுக்கிட்டே பாடி முடிச்சிடறேன்."

சரி என்றேன். "மத்தவங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன், நீ அலட்டிக்காத."

சொல்லவில்லை. மேடையில் ஏறி அந்தக் கூட்டத்தின் சத்தத்தைக் கேட்டால் மனம் மாறிவிடுவான் என்று நினைத்தேன். நியாயமான நினைப்புத்தான்.

கடைசி நிகழ்ச்சி என்பதால் குழந்தையை உன் அம்மாவிடம் விட்டுவிட்டு நீயும் வந்தாய். அவன் உடை மாற்ற உள்ளே போனதும் உன்னை முன்வரிசையில் கொண்டுபோய் உட்காரவைத்தேன். மூலவருக்கு நடந்த கதையை உனக்குச் சொன்னேன். கடைசிக்கு முந்தின பாட்டில் இவனும் விழுவான், பயந்துவிடாதே, அத்தனையும் நடிப்பு என்றேன். "அடி படாதா மாமா?" என்று கேட்டாய். பழகியவன் என்றேன். அதுவும் பொய்யில்லை.

ஒப்பனை அறையில் அவனைக் கடைசியாக ஒரு தடவை சரிபார்த்தேன். சட்டைப் பையில் மாத்திரை டப்பா துருத்திக்கொண்டு தெரிந்தது. மூலவர் சட்டையில் எதுவும் துருத்தாது, படங்களைப் பார்த்தால் உனக்கே தெரியும். டப்பாவை வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில்தானே இருக்கப்போகிறேன் என்றேன். அவனும் சரி என்றான். நான் சொல்லி அவன் தட்டியதில்லை.

அன்றைக்குப் போல் அவன் என்றுமே பாடியதில்லை. உனக்கு இது புரிந்திருக்காது, நீ அவனைப் பார்த்தாய், நான் கேட்டேன். அந்தப் பாட்டு வந்தது. விழுகிற இடம் வந்தது. அவன் நின்றான். சொன்ன மாதிரியே நின்றுகொண்டே அடுத்த வரிக்குப் போனான். கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. பின்னால் யாரோ விசில் அடித்தான். விழு, விழு என்று நாலைந்து பேர் ஆரம்பித்து அரங்கம் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. அவன் என் பக்கம் பார்த்தான். ஒரு கையசைப்பில் நான் வாத்தியங்களை நிறுத்தியிருக்கலாம். விளக்குகளைப் போட்டிருக்கலாம். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அடுத்த வரியின் பாதியில் அவன் விழுந்தான்.

விழுந்த விதம் தப்பு. முழங்கால் மடியவே இல்லை, வெட்டின மரம் மாதிரி சாய்ந்தான். மைக் கையை விட்டு நழுவி முகத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. இத்தனை வருஷம் பழக்கியும் தப்பாக விழுகிறானே என்பதுதான் என் முதல் நினைப்பு. இரண்டாவது நினைப்பில் விஷயம் புரிந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மூச்சுகூட இல்லை. உன் கேள்விக்குப் பதில் அதுதான் அம்மா. தெரியும்.

கை தன் வேலையைச் செய்தது. மைக்கை அடைத்தேன், ஒரு விளக்கைத் தவிர மற்றதை அணைத்தேன். குழுவினர் வழக்கம்போல் அசையாமல் நின்றார்கள், அவர்களுக்குத்தான் யாரும் எதுவும் சொல்லவில்லையே. கூட்டம் அடங்கியது. என் ஹெட்ஃபோனில் "அண்ணே" என்று கேட்டது. அப்போதுதான் நீ எழுந்தாய்.

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவிடுக்கு வழியாக நான் முதலில் சொல்வது, உட்காருங்கள் என்பதுதான். உட்கார்ந்தால் பயம் பாதியாகிவிடும். உள்ளங்கையைக் கீழே காட்டி இப்படித்தான் சைகை செய்வேன். உனக்கும் அதையே செய்தேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். உட்கார்ந்தாய். உன் மேல் தப்பில்லை. என் சைகைக்கு எல்லோரும் உட்காருவார்கள்.

பிறகு வந்தது அந்த நிசப்தம். தம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு நான் நின்ற அதே நிசப்தம். எத்தனையோ மேடைகளில் இதற்காகத்தான் மாய்ந்து மாய்ந்து வேலை செய்தேன், ஒரு நாளும் வந்ததில்லை. கொஞ்சம் நிஜம் கலந்தால்தான் வரும் போலிருக்கிறது. எனக்குக் கண்ணீர் வந்தது. "மாத்திர" என்று காதில் கேட்டது. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன், டப்பா பத்திரமாக இருந்தது. ஒலி மேசையிலிருந்து மேடைக்கு அதிக தூரமில்லை. ஆனால் நான் நகர்ந்தால் அந்த நிசப்தம் கலைந்துவிடும். அதை உனக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

கிடந்தபடி பாட வேண்டிய வரியை ஒத்திகையில் அவன் பாடியதிலிருந்து எடுத்துத் தனியாக வைத்திருந்தேன். தொண்டை கட்டிக்கொண்டால் உதவுமே என்று. அன்றைக்கு மத்தியானம்தான் அதை வெட்டிச் சீராக்கினேன். மத்தியானமே ஏன் அது தேவைப்படும் என்று தோன்றியது என்று நீ கேட்கலாம். நானும் என்னையே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கூட்டத்துக்கு மூச்சு முட்டிய நேரத்தில் அதை ஓடவிட்டேன். தரையில் கிடந்தவனின் குரல் அரங்கம் முழுக்க எழுந்தது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நீயும் தட்டினாய். அழுதுகொண்டே சிரித்தாய், முகமெல்லாம் பெருமை. எங்கள் வீட்டுக்கு வந்து நீ அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. திரையைப் போட்டேன். கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆயிற்று. அது நின்ற பிறகுதான் டிரம்ஸ்காரர் அவனைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருக்கலாமே என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். நான் தலையாட்டினேன். அந்த டப்பாவை வரும் வழியில் குப்பைத் தொட்டியில் போட்டிருந்தேன்.

இதை நீ யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். போலீசில் கேட்டாலும் இப்படியே சொல்வேன், ஒரு சொல் மாறாது. நான் அவனைத் தள்ளவில்லை. அவன் போகத்தான் போகிறான் என்பது முடிவான விஷயம். உயிரோடு இருந்து கண்ணாடிக் கடையில் நின்றிருந்தாலும் எனக்கு அவன் இல்லை. இப்போது எனக்கு லிஃப்டுகள் இருக்கின்றன. மேலே போகும், கீழே வரும். ராத்திரி தூக்கம் வருகிறது. காலையில் எதற்கு எழுந்திருப்பது என்றுதான் தெரியவில்லை.

பென் டிரைவை மறந்துவிடாதே. அடைத்து வைத்த மைக்கானாலும் எங்கள் ஒலி மேசை எல்லாவற்றையும் தனித்தனியாகப் பதிவு செய்துவிடும். அதனால் அந்த நிசப்தத்தில் அவன் குரல் இருந்தது. அண்ணே என்று மூன்று தடவை, மாத்திர என்று ஒரு தடவை, அப்புறம் உன் பேர். உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன், இப்போது சுத்தமாக இருக்கிறது. மூலவர் அந்த இடத்தில் எதுவும் பேசியதில்லை.