மருதாள் வெச்ச பொடி வார்த்தைங்க

மருதாள உசுரோட கடசியாப் பாத்தன்னைக்கும் அந்தப் பாஷையிலதாங்க பேசுனோம். ஆமாங்க டீச்சர், எம் பொண்டாட்டிதான். ஜனத்தொகைக் கணக்கெடுக்க வந்த நீங்கதான, தெரிஞ்ச வேற மொழி என்னன்னு கேட்டீங்க? பேரில்லாத மொழிங்க. நாங்க ரெண்டு பேருமா உண்டாக்குனது. சிரிங்க, சிரிங்க. எழுதாம மட்டும் போயிராதீங்க. அவதான் போயிட்டா. அது எங்கயாச்சும் ஒரு எடத்துல இருக்கோணுமுங்க.

நல்லூர்ல அப்ப ஒரே ரூமு. எங்கம்மாவும் அதுலயேதான். எங்கம்மாவத் திட்டோணும், அதுக்கு வெளங்கவும் கூடாது. அதுக்குத்தாங்க பாஷை. எட்டாவது பெயிலான நான், பெரிய பண்டிதனாட்ட, பனியன் கம்பெனியில நிட்டிங் மிஷின் ஓடற சத்தத்துல நின்னு வார்த்தை வெச்சேன். சோறு லுக்கா. எங்கம்மா டொப்பு. நூறு தேறுச்சு. பெருமையா மருதாள்கிட்டப் பேசிக் காமிச்சா, ஏனுங்க, இது பாஷையா மளிகைக்கடைச் சீட்டாங்கறா. டொப்பு லுக்கான்னா, சோத்தோட வந்துச்சா, சோறில்லாமப் போச்சான்னு கேட்டா.

பொடி வார்த்தையெல்லாம் அவ வெச்சதுதான். பதினொண்ணே பதினொண்ணு. கூடங்கறதுக்கு மி. ஆனாங்கறதுக்கு ஞே. ஞே கடசியிலதான் வரோணுமாம். அப்பத்தான் திட்டி முடிச்சப்பறமும் மனசு மாற எடமிருக்குமாம். முப்பது வருசத்துல நான் ஒருக்காலும் அதச் சரியா வெச்சதில்லீங்க. நூறு வார்த்தை வெச்ச மகராசன்!

ஆஸ்பத்திரியில மூக்குல கொழாயோட கெடந்தா. சீக்கிரம் ஊட்டுக்குப் போலாமுன்னு அதுலதான் சொன்னேன். மி-ய எங்கியோ மாத்திப் போட்டுட்டேனாட்ட இருக்குது. அந்த மூச்சுலயும் திருத்துனா. சேரின்னு ஒரு டீ குடிச்சுட்டு வந்தேன். அதுக்குள்ள முடிஞ்சு போச்சுங்க.

ஊட்டுல வேற யாருக்காச்சும் தெரியுமான்னா கேக்கறீங்க? என்னோட போச்சுன்னுதான் நானும் நெனச்சிருந்தேன். காரியம் முடிஞ்சு ஒறம்பரையெல்லாம் போனப்பறம், ரெண்டு நாளா நான் தட்டத் தொடல. எங்கம்மா வந்து பக்கத்துல ஒக்காந்து, அந்தப் பாஷையிலயே சொல்லுச்சு. அழுகு, வேண்டாங்கல, தின்னுப்போட்டு அழுகுன்னு. ஒரு பொடி வார்த்தை தப்பலீங்க. என்னைய விட நல்லாவே பேசுது.

முப்பது வருசமும் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டேதான் இருந்திருக்குது.

உள்ளதான் படுத்திருக்குது. அதும் பேருக்கு நேராவும் அந்தப் பாஷையையே போட்டுக்குங்க டீச்சர்.